சாரைப்பாம்புக்காக விழுப்புரத்தில் கால் மணி நேரம்

என் விண்ணப்பத்துக்குப் பதிலாகப் பேராசிரியர் அனுப்பிய அஞ்சலட்டையில் மொத்தமே ஐந்தாறு வரிகள்தான் இருந்தன. "ஆராய்ச்சி மாணவருக்கான இடம் ஒன்றே ஒன்று. காட்டிலும் மேட்டிலும் அலைந்து ஊர்வனவற்றை ஆராய்வது பெண்களுக்கு ஏற்றதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. சித்திரை கடைசி வியாழக்கிழமை தேர்வுப் பணிக்காகத் திருச்சி செல்கிறேன். பகல் வண்டி விழுப்புரத்தில் கால் மணி நேரம் நிற்கும். அங்கே சந்திக்கலாம். கையில் ஆய்வுக் குறிப்பு ஏதாவது இருந்தால் கொண்டு வரவும்."

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. பட்டம் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நான்கு ஆண்டுகளும் பிள்ளைகளுக்குத் தவளையையும் கரப்பானையும் அறுத்துக் காட்டியதிலேயே போயின. எங்கள் ஊர்ப் புகையிலைத் தோட்டங்களில் சாரைப்பாம்பைக் கண்டால் அடித்துப் போடுவார்கள். எலி வந்தால் புலம்புவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை. தமிழ்நாட்டின் வட பகுதியில் சாரைத் தோலைக் கட்டுக்கட்டாக வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். பாம்பு குறைந்தால் வயலில் எலி கூடுமா? எனக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான். அஞ்சலட்டை வந்ததும் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டேன்.

வியாழக்கிழமைக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது திண்டிவனத்தில் இறங்கினேன். என்னோடு ஆசிரியப் பயிற்சி படித்த ரூத் அங்கே மிஷன் பள்ளியொன்றில் வேலை பார்த்தாள். பள்ளி வளாகத்துக்குள்ளேயே அவளுக்கு ஓர் அறை. கோடை விடுமுறை என்பதால் மற்ற ஆசிரியைகள் ஊருக்குப் போயிருந்தார்கள்.

ரயிலடிக்கு வெளியே கூடையில் வேகவைத்த கடலை விற்றுக்கொண்டிருந்தவரிடம், "கச்சான் என்ன விலை?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் அதற்கு அதுதான் பெயர். அவர் என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது எங்கிட்ட இல்லம்மா. மல்லாட்டதான் இருக்குது."

"அதுதான், அதுதான்" என்று இரண்டு கையாலும் காட்டி வாங்கினேன். வெயில் நெற்றியில் அறைந்தது. எங்கள் ஊரில் எவ்வளவு வெயில் அடித்தாலும் எங்கிருந்தாவது கடற்காற்று வந்து சேரும். இங்கே காற்றும் அடுப்படியிலிருந்து வருவதுபோல் இருந்தது.

அன்று மத்தியானம் ரூத் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். நான் மென்றேன். அது பல்லோடு ஒட்டிக்கொண்டது.

"பாம்புன்னா எங்க ஸ்கூல்ல பேரு கெட்டுடும்டீ" என்றாள் ரூத். "மீன் ஆராய்ச்சி பண்ணக்கூடாதா? உங்க ஊர்ல சுத்திக் கடல்தான?"

"மீன் ஆராய்ச்சிக்கு ஆள் இருக்கு. இதுக்கு ஒருத்தரும் இல்லை" என்றேன். மறுநாள் காலை சந்தைக்கு அவளே கூட்டிப் போனாள்.

சந்தையின் ஓரத்தில், மாட்டுத் தோல் கட்டுகளுக்குப் பக்கத்தில், சுருட்டி வைத்த பாம்புத் தோல்களுடன் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். பெயர் கன்னியம்மா. இருளர் குலம். வல்லம் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையை ஒட்டி அவர்கள் குடிசைகள். வியாபாரி வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவளிடம் நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"பாம்பு புடிக்கிறதப் பாக்கணுமா? பாத்து இன்னா பண்ணப் போறீங்க?"

"எழுதப் போறன்."

"எழுதி?"

"அதைக் காட்டி மேல படிக்கப் போறன்."

"எல்லாரும் படிச்சிட்டுதான எழுதுவாங்க. நீங்க எழுதிட்டுப் படிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு, "நாளைக்குக் காலைல வல்லத்துக்கு மொத பஸ்ஸுல வந்துடுங்க. செருப்பு வேணாம், சத்தம் கேக்கும்" என்றாள்.

என் திட்டம் எளிமையானது. இரண்டு மல்லாட்டை வயல்களைப் பார்க்க வேண்டும். ஒன்று பாம்பு பிடிக்கிற இடம், இன்னொன்று பிடிக்காத இடம். சாயங்காலம் வரப்பில் உள்ள எலி வளைகளின் வாயையெல்லாம் மண்ணால் அடைத்துவிட வேண்டும். காலையில் எத்தனை வாய் திறந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். திறந்திருந்தால் உள்ளே எலி இருக்கிறது என்று பொருள். வல்லத்தில் ஏழுமலை என்பவரின் நிலம் முதலாவது. இருளர்களை அவர் தடுப்பதில்லை. விழுப்புரத்தை அடுத்த கோலியனூரில் சபாபதி என்பவரின் நிலம் இரண்டாவது. அங்கே வெளியாள் யாரையும் அவர் வரப்பில் கால் வைக்க விடுவதில்லை. அவருடைய மகள் ரூத்திடம் படித்தவள் என்பதால் எனக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

முதல் நாள் ஏழுமலையின் வயலில் கன்னியம்மாவின் பின்னால் நடந்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கவில்லை. நிலத்தோடு பேசிக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. ஒரு வளையின் வாயில் கை வைத்து, "காத்து வர்ல. உள்ள அடச்சிக்கினு படுத்துக்கினு இருக்குது" என்றாள். இன்னொன்றைப் பார்த்து, "இது நண்டு" என்று தாண்டிப் போனாள். நான் எலி வளை என்று எழுதி வைத்திருந்ததில் மூன்றைக் கோடிட்டு அடிக்க வேண்டியதாயிற்று.

அவள் எது சொன்னாலும் நான் "ஓம்" என்றேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எதச் சொன்னாலும் ஓம் ஓம்ன்றீங்களே, நீங்க சாமியாரம்மாவா?"

"எங்கட ஊரில ஆமா எண்டதை அப்படித்தான் சொல்லுவம்."

"அப்ப இல்லன்றதுக்கு?"

"இல்லை எண்டுதான்."

"அது வரைக்கும் நல்லது" என்றாள்.

முதல் நாள் சாயங்காலம் அந்த வயலின் வளைகளை அடைத்து, மறுநாள் காலை எண்ணி எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் கன்னியம்மா ஒரு பெரிய சாரையைப் பிடித்தாள். கரும்பழுப்பு நிறம். அவள் தலைக்கு மேல் தூக்கியும் வால் தரையைத் தொட்டது. அதை அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

"இதை விட்டிட ஏலாதா?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. "நான் வுட்டா அடுத்த வரப்புல வேற ஆளு புடிப்பான். வூட்ல ரெண்டு நாளா அடுப்பு சரியா எரியல. நீங்க எழுதிட்டுக் கப்பல்ல போயிடுவீங்க. நான் இங்கதான இருக்கணும்."

வரப்பில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தோலை உரித்த பிறகு குடலை நான் பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் கத்தியை என்னிடம் நீட்டினாள். எந்தப் பாம்பைக் காப்பாற்றப் போகிறேன் என்று சொல்லிக் கடல் தாண்டி வந்தேனோ அந்தப் பாம்பின் வயிற்றை என் கையாலேயே அறுத்தேன். உள்ளே மூன்று எலிகள் இருந்தன. ஒன்று இன்னும் முழுசாக இருந்தது. ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து எழுதினேன். எழுத்து அன்று கோணிப் போயிருந்தது. அந்தப் பக்கத்தை நான் பிறகு திருத்தி எழுதவில்லை.

அன்று அவள் குடிசையில்தான் மத்தியானச் சாப்பாடு. கேப்பைக் கூழும் சுட்ட வெள்ளெலியும். தட்டில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தின்றேன். எங்கள் ஊரில் முயல் சுடுவார்கள். கிட்டத்தட்ட அந்த ருசி. அதற்குப் பிறகு அவள் என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு அக்கா என்றாள். யார் மூத்தவள் என்று இருவருக்குமே தெரியாது.

அடுத்தது கோலியனூர். கன்னியம்மாவும் கூட வந்தாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பேருந்து பாதி வழியில் புகை கக்கி நின்றது. கண்டக்டர் எல்லாரையும் கீழே இறக்கினார். "பேஜாரு புடிச்ச வண்டி. ஆம்பளைங்க தள்ளுங்க, பொம்பளைங்க ஓரமா நில்லுங்க" என்றார். பக்கத்துக் குட்டையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார்கள். வண்டி கிளம்பவில்லை. பொழுது சாய்வதற்குள் வளைகளை அடைக்காவிட்டால் எனக்கு ஒரு நாள் போய்விடும். நானும் போய்ப் பின்னால் கை வைத்துத் தள்ளினேன். என்னைப் பார்த்துக் கன்னியம்மாவும் தள்ளினாள். வண்டி உறுமியதும் கண்டக்டர், "ஏறுங்க, ஜல்தி ஏறுங்க" என்று கத்தினார். ஆனால் கன்னியம்மாவைப் பின் வாசல் பக்கத்தில் தரையில்தான் உட்காரச் சொன்னார். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

சபாபதி நல்ல மனிதர். பாம்பு பிடிப்பவர்களை மட்டும் அவருக்குப் பிடிக்காது. கன்னியம்மாவை வாய்க்காலுக்கு அப்பால் நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார். அன்று சாயங்காலம் வளைகளை அடைத்துவிட்டு அவர் வீட்டுப் பெண்களோடு தங்கினேன். கன்னியம்மா ஊருக்கு வெளியே உறவுக்காரர்களிடம் போனாள். மறுநாள் விடிந்ததும் எண்ணத் தொடங்கினேன். பத்து வளை எண்ணியிருப்பேன். வாய்க்கால் ஓரத்துப் புல்லில் கை வைத்தபோது ஒரு பாம்பு என் விரலைக் கவ்வியது. கட்டம் போட்ட உடம்பு. தண்ணீர்ப் பாம்பு. விஷம் இல்லை. இரத்தம் மட்டும் நன்றாக வந்தது.

"ஐயோ, டீச்சரப் பாம்பு கடிச்சிடுச்சி" என்று யாரோ கூவினார்கள்.

"இது தண்ணிப் பாம்புங்க. ஒண்ணும் ஆவாது" என்று வாய்க்காலுக்கு அப்பாலிருந்து கன்னியம்மா சொன்னாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"விஷமில்லாத பாம்புதான். நான் எண்ணி முடிக்க வேணும்" என்று நானும் சொன்னேன். என் பேச்சும் எடுபடவில்லை. கடிபட்டவள் பிதற்றுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். கையில் கயிற்றைக் கட்டி, மாட்டு வண்டியில் கிடத்தி, விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார் சபாபதி. பாதி தூரத்தில் கடையாணி கழன்று சக்கரம் தனியே ஓடியது. வண்டி சாய்ந்ததில் எனக்கு முழங்கை சிராய்த்தது. பாம்பு செய்த காயத்தைவிட அதுதான் பெரிய காயம். மீதித் தூரத்தை நடந்தே போனேன். பின்னால் இருபது பேர், அவர்களுக்கும் பின்னால் கன்னியம்மா.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை படுக்க வைத்தார்கள். டாக்டர் பல் பதிந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டு, "விஷம் இல்லைதான். ஆனாலும் இருங்க, எனக்குத் தைரியமா இருக்கும்" என்றார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆத்திரமாக வந்தது. பாம்பைப் பற்றித் தெரிந்த இரண்டு பேர் அந்த வயலில் இருந்தோம். எங்கள் இருவர் பேச்சையும் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. பெண்களுக்கு ஏற்றதா என்ற அந்த அஞ்சலட்டை வரி அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. காடும் மேடும் ஏற்றவையாகத்தான் இருந்தன.

மறுநாள் மறுபடி கோலியனூர். சாயங்காலம் அடைத்தேன். காலையில் எண்ணினேன். ஏறக்குறைய எல்லா வளைகளும் திறந்திருந்தன. பாம்பைத் தொடாத வயலில் எலி நிறைந்து கிடந்தது. பாம்பு பிடிக்கிற வல்லத்து வயலிலோ அடைத்த வளைகளில் பாதிகூடத் திறக்கவில்லை. நான் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர்.

வாய்க்காலைத் தாண்டி வந்து கன்னியம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"வல்லத்துல நாங்க எலியும்தான புடிக்கிறோம். வளைய வெட்டி எலியத் திம்போம், அது சேத்து வச்ச மல்லாட்டைய எடுத்துக்குவோம். பாம்பு கெடச்சா பாம்பு. இங்கதான் எங்கள உள்ள வுட மாட்டாங்களே, எலி பெருகாம இன்னா பண்ணும்?"

எவ்வளவு எளிய விஷயம். அது என் கேள்வியில் இல்லை. பாம்பும் எலியும் மட்டும் உள்ள ஒரு வயலை நான் யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டு வந்திருந்தேன். அதில் மனிதரே இல்லை.

திண்டிவனத்துக்குத் திரும்பி ரூத்திடம் சொன்னபோது, அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோலியனூர்ப் பக்கத்தைக் காட்டாம வுட்டுடேன். பாம்பு வயித்துல மூணு எலி இருந்துச்சில்ல, அது போதாதா? அவரு வந்து எண்ணிப் பாக்கவா போறாரு?" என்றாள். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாள். அந்தப் பக்கத்தைக் கிழித்தால் தெரியாமல் கிழியும் என்பதையும் நான் பார்த்தேன், அதை இங்கே மறைக்கவில்லை. பிறகு பென்சிலில் இருந்த எண்களின் மேல் மை தொட்டு எழுதினேன்.

புதன்கிழமை கடைசித் தடவையாக வல்லத்துக்குப் போனேன். ஏரிக்கரையில் ஒரு கரையான் புற்றின் அடியில் கன்னியம்மா வளை ஒன்றை வெட்டினாள். உள்ளே ஒரு சாரை முட்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. தடித்த பாம்பு. நல்ல தோல். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க எனக்கு உரிமை இல்லை என்று மூன்றாம் நாளே தெரிந்துகொண்டிருந்தேன். அவள் குனிந்து பார்த்தாள், முட்டைகளை விரலால் எண்ணினாள், பாம்பைத் தொடவில்லை. வெட்டிய மண்ணை ஈரமாக்கி வளையின் வாயை மூடினாள். காற்றுப் போக ஓர் ஓட்டை விட்டாள்.

"ஏன்?" என்றேன்.

"முட்ட பொரியட்டும். அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு அந்த ஐயாவப் பாக்க நானும் வர்றேன். நீங்க பேசுறது அவுருக்குப் புரியலன்னா நான் சொல்றேன்" என்றாள்.

வியாழக்கிழமை ஒரு மணி நேரம் முன்பே விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய்விட்டோம். வண்டி வரும் நேரத்துக்கு உள்ளே நுழையப் போனபோது, வாசலில் நின்ற ரயில்வே ஆள், "நீங்க போங்க. இந்தப் பொம்பள வெளிய நிக்கட்டும்" என்றார். இரண்டு பேருக்கும் பிளாட்பாரச் சீட்டு என் கையில் இருந்தது. காட்டினேன். "அதெல்லாம் சரிம்மா, உள்ள பிரயாணிங்க முகம் சுளிப்பாங்க" என்றார். வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கன்னியம்மா, "நீங்க போங்கக்கா" என்றாள். கால் மணி நேரத்தில் ஒவ்வொரு நிமிஷமாகப் போய்க்கொண்டிருந்தது.

"இவ என்னோட வேலை செய்யிறவ. இவ வராமல் நான் உள்ள போறதில பிரயோசனம் இல்லை. சீட்டு செல்லாது எண்டு எழுதித் தாங்கோ, நான் ஸ்டேஷன் மாஸ்டரிட்டக் காட்டிறன்" என்றேன். என் பேச்சு எந்த ஊர்ப் பேச்சு என்று அவருக்குப் பிடிபடவில்லை. எழுதித் தரவும் அவர் விரும்பவில்லை. கதவை விட்டு விலகி நின்றார்.

பேராசிரியர் இரண்டாம் வகுப்புப் பெட்டியின் வாசலில் நின்று தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். என் குறிப்பேட்டை வாங்கி நின்றபடியே புரட்டினார். சோற்றை மறந்துவிட்டார். கோலியனூர்ப் பக்கத்தில் நிறுத்தினார்.

"உங்க கருத்துக்கு இது எதிரா இருக்கே."

"ஓம் ஐயா. என்ட கேள்வி பிழை. எலி பிடிக்கிற ஆக்களைச் சேர்க்காமல் பாம்பை மட்டும் எண்ண ஏலாது. இதை இவதான் சொன்னா."

அவர் முதல்முறையாகக் கன்னியம்மாவைப் பார்த்தார். "சாரை எத்தனை முட்டை வைக்கும்?" என்று கேட்டார்.

"நேத்து நான் பாத்த வளையில பதினொண்ணுங்க. வேற வளையில வேற இருக்கும்."

பேராசிரியர் குறிப்பேட்டை மூடினார். "என் மாணவர்கள்ல பாதிப் பேருக்கு இப்பிடிப் பதில் சொல்லத் தெரியாது" என்றார். பிறகு என்னிடம், "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.

"இன்னொரு நிலம் இருக்குது, ஐயா. திண்டிவனத்துக்கு வெளியில. வெளியூர் ஆக்கள் வந்து பாம்பை மட்டும் பிடிச்சுக்கொண்டு போறவையாம், எலியைத் தொடுறதில்லையாம். இவ நேற்றுத்தான் சொன்னா. அதை எண்ண வேணும்."

எஞ்சின் தண்ணீர் பிடித்து முடித்து ஊதியது. அவர் குறிப்பேட்டைத் திருப்பித் தந்தார். வண்டி அசையத் தொடங்கிய பிறகுதான் பேசினார். நான் பெட்டியோடு நடந்தேன்.

"தலைப்பை மாத்துங்க. சாரைப்பாம்புன்னு மட்டும் போடக்கூடாது. விண்ணப்பத்தில முகவரி யாழ்ப்பாணம்னு போட்டிருக்கீங்க. திண்டிவனம்னு மாத்தி ஜூலைக்குள்ள அனுப்புங்க. மூணு வருஷம் அங்கதான இருக்கப் போறீங்க."

வண்டியின் கடைசிப் பெட்டி போகும்வரை நான் அப்படியே நின்றேன். அழுகை வந்தது. அழவில்லை. கன்னியம்மா பக்கத்தில் வந்தாள்.

"அந்த ஐயா பாம்பு புடிப்பாரா?"

"எனக்குத் தெரியாது. பிடிக்க மாட்டார் எண்டு நினைக்கிறன்."

"அப்ப மூணு வருசம் உங்களுக்கு இன்னாதான் சொல்லிக் குடுப்பாரு?"

"கேள்வி கேப்பார்."

"அது நானே கேப்பனே" என்றாள். கொஞ்ச தூரம் நடந்ததும், "மூணு வருசமும் என்னால தோலு விக்காம இருக்க முடியாதுக்கா. இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

"தெரியும். விக்கிறதையும் எழுதுவம்."

ஜங்ஷனுக்கு எதிரே தபால் ஆபீஸ். பள்ளிக்கு ஒரு தந்தி கொடுத்தேன்: உடனே திரும்ப இயலாது, விடுப்பை நீட்டிக்கவும். வெளியே வந்தபோது திண்டிவனம் பேருந்து புறப்பட நின்றது. மூன்றாவது நிலத்தின் வளைகளைப் பொழுது சாய்வதற்குள் அடைத்தாக வேண்டும். இருவரும் ஓடிப்போய் ஏறினோம்.